சிதறிக் கிடக்கும் மருத்துவமனைகளை ஒரே வளாகமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியாக இயங்கும் மருத்துவமனைகளை ஒரே வளாகத்துக்குக் கொண்டுவரும் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மருத்துவர், நிர்வாகி, செவிலியர் கண்காணிப்பாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், யாராக இருந்தாலும் சரி.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் திறமை போதாமல் தடுமாறுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. வரிசை மாறிப்போவதால்தான் தடுமாறுகிறார்கள். முதல் கூட்டத்திலேயே யாராவது வரைபடத்தை மேசையில் விரித்துவிடுவார். அதன்பிறகு பேச்செல்லாம் "என் துறைக்கு எத்தனை அறை" என்பதைத் தாண்டாது. ஆகவே வரைபடம் இந்த வழிகாட்டியில் ஐந்தாம் படியில்தான் வருகிறது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய மருத்துவமனை ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது மூன்று ஆண்டு விவரம் வேண்டும்: அட்மிஷன், டிஸ்சார்ஜ், அறுவை சிகிச்சை, பிரசவம், அவசர வருகை, ஸ்கேன். மாத மொத்தம் போதாது. ஒவ்வொன்றும் எந்த நாளில், எந்த மணிக்கு நடந்தது என்று தெரிய வேண்டும். நெரிசல் மாதக் கணக்கில் தெரியாது, மணிக் கணக்கில்தான் தெரியும்.

மனையின் நில அளவை, மண் பரிசோதனை, இதுவரை வெள்ளம் ஏறிய உயரம், காற்று வீசும் திசை, மின் இணைப்பும் தண்ணீரும் எங்கிருந்து வருகின்றன என்ற விவரம் ஆகியவையும் வேண்டும். இதில் வெள்ள மட்டத்தைத்தான் பலர் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேளுங்கள். எந்த இயந்திரத்தை எந்த மாடியில் வைப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

இன்னொன்று, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஆள். இரண்டு மருத்துவமனைகளின் துறைத் தலைவர்கள் ஒத்துப்போகாதபோது அன்றே தீர்ப்புச் சொல்ல ஒருவர் இல்லையென்றால், இரண்டு பேர் கேட்டதையும் கட்டி முடிப்பீர்கள்.

## 2. எதைச் சேர்ப்பது, எதை வெளியே விடுவது

எல்லாவற்றையும் சேர்க்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த கருவியோ அபூர்வமான நிபுணரோ 24 மணி நேரக் குழுவோ தேவைப்படும் வேலைகள் ஒரே இடத்தில் இருந்தால் லாபம். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சை, இதய ரத்தக் குழாய் சிகிச்சைக் கூடம், நரம்பு அறுவை சிகிச்சை, ரத்த வங்கி, கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவை இந்த வகை.

அடிக்கடி வந்து போக வேண்டிய, சிறிய இடத்தில் முடிந்துவிடும் வேலைகள் வேறு. கர்ப்பகாலப் பரிசோதனை, சர்க்கரை நோய் தொடர் கவனிப்பு, பிசியோதெரபி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் ஆகியவற்றை வளாகத்துக்குள் இழுத்தால் நோயாளியின் பயணம்தான் நீளும். மருத்துவமனைக்கும் பெரிய லாபம் இல்லை. பழைய கட்டடங்களில் ஒன்றையாவது இதற்காக வைத்துக்கொள்ள முடியுமா என்று இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

## 3. படுக்கையை எண்ணாமல் தேவையை எண்ணுங்கள்

அதிகம் பிழை நடப்பது இங்கேதான். பழைய மருத்துவமனைகளில் உள்ள படுக்கைகளைக் கூட்டி, கொஞ்சம் வளர்ச்சியும் சேர்த்து, அதைப் புதிய எண்ணிக்கை என்று எழுதிவிடுகிறார்கள். பழைய எண்ணிக்கை பழைய கட்டடத்தின் அளவைச் சொல்லுமே தவிர, தேவையைச் சொல்லாது.

கணக்கு எளிது. ஆண்டுக்கு 14,600 பேர் அட்மிட் ஆகிறார்கள், சராசரியாக 5 நாள் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 73,000 படுக்கை-நாட்கள். 365-ஆல் வகுத்தால் ஒரு நாளில் சராசரியாக 200 பேர். ஆனால் 200 படுக்கை போட்டால் பாதி நாட்கள் இடம் இருக்காது. 85 சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் 236 வேண்டும். ஐ.சி.யூ.வில் இன்னும் குறைந்த சதவீதம் வையுங்கள். அங்கே காத்திருக்கச் சொல்ல முடியாது.

சேர்ப்பதால் உண்மையில் மிச்சமாவது எவ்வளவு? திட்டமிடாமல் வருபவர்களைப் பொறுத்தவரை, நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்கும். சராசரி 36 நோயாளிகள் உள்ள ஒரு பிரிவில் ஏற்ற இறக்கம் 6. அதைப்போல் இரு மடங்கை, அதாவது 12-ஐ, கையிருப்பாகச் சராசரியோடு சேர்த்தால் 48 படுக்கை. அதே அளவில் இரண்டு மருத்துவமனைகள் தனித்தனியே இருந்தால் 96. இரண்டையும் சேர்த்தால் சராசரி 72, ஏற்ற இறக்கம் 8.5, ஆகவே 89 போதும். ஏழு படுக்கை மிச்சம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எந்தப் படுக்கையிலும் எந்த நோயாளியையும் சேர்க்க முடிந்தால்தான் இந்த மிச்சம் கிடைக்கும். கட்டடத்தைச் சேர்த்துவிட்டு, "இது பழைய ஏ யூனிட்டின் படுக்கை, அது பி யூனிட்டின் படுக்கை" என்று பிரித்தே வைத்தால் பழையபடி 96 வேண்டும். அறிக்கையில் 89 என்று எழுதியிருப்பார்கள், நெரிசலான நாட்களில் சிலர் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார்கள்.

நள்ளிரவில் எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறது என்று எடுக்கும் கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். காலையில் புதியவர்கள் வரத் தொடங்குகிறார்கள், டிஸ்சார்ஜ் ஆனவர்கள் பிற்பகலில்தான் கிளம்புகிறார்கள். உச்சம் அந்த இடைவெளியில் வருகிறது. டிஸ்சார்ஜ் ஆனவர்கள் மருந்தும் பில்லும் வரும்வரை உட்கார ஒரு கூடம் அமைத்தால் படுக்கைகள் சில மணி நேரம் முன்னதாகவே காலியாகும். அதே பயனைப் படுக்கைகளைக் கூட்டிப் பெறுவதைவிட இது மிகவும் மலிவு.

ஆபரேஷன் தியேட்டருக்கும் இதே முறைதான். அறுவைக்கு 90 நிமிடம், அடுத்தவருக்குத் தயார் செய்ய 30 நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்தில் நான்கு பேர். தயார் செய்யும் நேரத்தைக் கணக்கில் விட்டுவிடுவது சகஜமான தவறு.

அப்புறம் பரப்பளவு. அறைகளின் பரப்பைக் கூட்டி அதையே கட்டடப் பரப்பு என்று நினைத்துவிடாதீர்கள். துறைக்குள் உள்ள நடைவழிக்கும் சுவருக்கும் 1.4 மடங்கு, கட்டடத்தின் லிஃப்ட், படிக்கட்டு, இயந்திர அறைகளுக்கு அதன்மேல் 1.3 மடங்கு என்று வைத்தால், 100 சதுர மீட்டர் அறைகளுக்கு 182 சதுர மீட்டர் கட்ட வேண்டும். முதல் மதிப்பீட்டில் இதை விட்ட திட்டங்கள் பாதியில் அறைகளை வெட்டத் தொடங்கும். முதலில் பலியாவது சேமிப்பு அறைகள். பிறகு சக்கர நாற்காலிகளும் உபகரணங்களும் காரிடாரில் நிற்கும்.

## 4. யார் யார் எங்கே நடக்கிறார்கள் என்று எழுதுங்கள்

பத்துப் பன்னிரண்டு பாதைகளை முழுதாக எழுதுங்கள். விபத்தில் வந்தவர், நெஞ்சு வலியோடு நடந்து வந்தவர், பிரசவ வலி கண்டவர், புறநோயாளியாக வந்து அன்றே ஸ்கேன் எடுப்பவர், தொற்று நோயாளி. ஒவ்வொருவரும் வாசலில் இறங்குவதிலிருந்து வீடு திரும்பும்வரை எத்தனை இடத்தில் நிற்கிறார், எத்தனை முறை படுக்கை மாறுகிறார், யார் தள்ளிப் போகிறார்கள் என்று குறியுங்கள்.

நோயாளி அல்லாதவற்றுக்கும் பாதை உண்டு. உணவு, அழுக்குத் துணி, கிருமிநீக்கிய கருவிகள், ரத்த மாதிரி, மருத்துவக் கழிவு, இறந்தவரின் உடல். கடைசிப் பாதையைப் பற்றிப் பேசக் கூட்டத்தில் யாருக்கும் மனம் வராது. பேசாமல் விட்டால் அது பார்வையாளர் லிஃப்ட் வழியாகவே போகும்.

இதை முடித்ததும் பாதைகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்: பொதுமக்கள் வழி, படுக்கையும் ஊழியரும் போகும் வழி, பொருட்கள் போகும் வழி. மயக்கம் தெளியாத ஒருவர் ஸ்ட்ரெச்சரில் வரும்போது அந்த வழியில் பார்வையாளர் கூட்டம் நிற்கக் கூடாது. அது அவருடைய மரியாதை சம்பந்தப்பட்டது, தொற்றும் நேரமும் சம்பந்தப்பட்டது.

அதன்பிறகு எது எதற்கு அருகில் என்ற அட்டவணை. "அருகில்" என்று எழுத வேண்டாம், நிமிடத்தில் எழுதுங்கள். ஏன் என்ற காரணத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். காரணம் கேட்காவிட்டால் எல்லாத் துறைகளும் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருக்க விரும்பும். ஒரு துறைக்கு மூன்று நெருக்கங்கள்தான் என்று கறாராக இருங்கள்.

பொதுவாக விட்டுக்கொடுக்கக் கூடாதவை இவை: அவசர சிகிச்சைக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் இடையில் கதவு மட்டும், ஐ.சி.யூ.வும் ஆபரேஷன் தியேட்டரும் ஒரே தளத்தில்; பிரசவ அறையிலிருந்து தியேட்டருக்கும் பச்சிளம் குழந்தை ஐ.சி.யூ.வுக்கும் லிஃப்ட் ஏறாமல் போகும் வழி. ஆய்வகம் தள்ளி இருக்கலாம், மாதிரிகளைக் காற்றழுத்தத்தால் தள்ளும் குழாயில் அனுப்பிவிடலாம். கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவு தியேட்டருக்கு நேர் கீழே, தனி லிஃப்டோடு இருந்தால் போதும். ஆனால் அந்தப் பிரிவுக்குள் அழுக்கு, சுத்தம், கிருமிநீக்கியது என்று பாதை ஒரே திசையில் ஓட வேண்டும்.

ஸ்கேன் பிரிவை ஒரே இடத்தில் வைப்பது சிக்கனம்தான். ஆனால் நடந்து வரும் புறநோயாளியையும் படுக்கையில் வரும் உள்நோயாளியையும் ஒரே கூடத்தில் காக்க வைப்பது தவறு. ஒரே துறை, இரண்டு வாசல், இரண்டு காத்திருப்பு இடம் என்று பிரித்துவிடுங்கள்.

## 5. இப்போது வரைபடம்

முதலில் வளாகத்தின் நடுவே முதுகெலும்பு போல ஒரு நீண்ட நடைவழி வரையுங்கள். கட்டடங்கள் அதிலிருந்து இருபக்கமும் பிரியட்டும். அதன் ஒரு முனையாவது திறந்திருக்க வேண்டும், பின்னால் கட்ட வேண்டியதை அங்கே ஒட்டவைக்கலாம். வளர்ச்சிக்கு விட்ட இடம் வளாகத்தின் எங்கோ ஒரு மூலையில் துண்டு நிலமாகக் கிடந்தால் உதவாது. தியேட்டரும் ஸ்கேனும் விரியக்கூடிய பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சின்ன உத்தி: எளிதில் இடம் மாற்ற முடியாத துறைகளுக்குப் பக்கத்தில் எளிதில் மாற்றக்கூடியவற்றை வையுங்கள். தியேட்டருக்கு அடுத்து அலுவலகமோ வகுப்பறையோ இருந்தால், தேவைப்படும்போது அதைக் காலி செய்துவிட்டுத் தியேட்டரை விரிக்கலாம். பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக் கூடம் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதன் கான்கிரீட் சுவரே மீட்டர் கணக்கில் தடிமன். அதை வளாகத்தின் ஓரத்தில், தரை மட்டத்தில், மேலே எதுவும் கட்டாமல் வைப்பதே நல்லது.

ஆம்புலன்ஸ் வாசல், நடந்து வருபவர் வாசல், சரக்கு வாசல் மூன்றும் தனித்தனி. ஆம்புலன்ஸ் பின்னால் எடுக்காமல் சுற்றி வெளியேற வழி வேண்டும்.

தூண் இடைவெளியும் மாடி உயரமும் ஒரு முறை முடிவானால் மாற்ற முடியாது. தூண்கள் 8 மீட்டரை ஒட்டிய சீரான இடைவெளியில் இருந்தால் இன்றைய வார்டு நாளை கிளினிக் ஆகலாம். சிகிச்சைத் தளங்களுக்கு ஒரு தரையிலிருந்து அடுத்த தரைவரை 4.5 மீட்டர் கேளுங்கள். உயரத்தைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடித்தால் காற்றோட்டக் குழாய்கள் கொள்ளாமல் பிறகு தவிக்க நேரும். படுக்கை போகும் காரிடார் 2.4 மீட்டர், அறைக் கதவு 1.2 மீட்டர். படுக்கை லிஃப்டுகள் ஒரு இடத்தில் இரண்டுக்குக் குறையக் கூடாது, ஒன்று எப்போதாவது பழுதில் இருக்கும்.

வார்டு மாடிகளைச் சிகிச்சைத் தளங்களின் மேல் அடுக்கும்போது கழிவறைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். தியேட்டர், ஸ்கேன், சர்வர் அறைக்கு மேலே கழிவுநீர்க் குழாய் ஓடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் குழாய்களுக்கென்று உயரம் குறைந்த ஒரு தளம் விட்டால் இந்தத் தொல்லை தீரும்.

எம்.ஆர்.ஐ. லிஃப்டுக்கும் வண்டிப் பாதைக்கும் பக்கத்தில் வேண்டாம். நகரும் பெரிய இரும்பு அதன் படத்தைக் கெடுக்கும். அதைக் குளிர்விக்கும் ஹீலியம் வெளியேறும் குழாய் கட்டடத்துக்கு வெளியே திறந்த வெளிக்குப் போக வேண்டும். இயந்திரம் பழசாகும் நாளில் அதை வெளியே எடுக்க, கழற்றக்கூடிய ஒரு சுவரும் வேண்டும். உள்ளே கொண்டுவரும் வழியை யோசிக்கும் குழுக்கள் வெளியே எடுக்கும் வழியை மறந்துவிடுகின்றன.

## 6. வார்டு: ஒரு அறையை முழுதாகச் செய்து பாருங்கள்

வார்டின் அளவை நர்ஸ் விகிதத்தின் மடங்காக வையுங்கள். ஒரு நர்ஸுக்கு ஆறு நோயாளி என்றால் 24 அல்லது 30 படுக்கை சரியாக வரும். 28 வைத்தால் மிச்சமுள்ள நான்கு பேருக்காக ஒவ்வொரு ஷிஃப்டிலும் இன்னொரு நர்ஸ் வேண்டும், அல்லது மற்றவர்கள் சுமக்க வேண்டும். இரவு விகிதத்தையும் போட்டுப் பாருங்கள்.

ஒரே பெரிய நர்ஸ் மேசைக்குப் பதிலாக, அறைகளுக்கு அருகே சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தால் நடை குறையும், நோயாளியும் கண்ணில் படுவார். அதற்கு ஈடாக, ஊழியர்கள் சேர்ந்து பேச ஒரு தனி அறை கொடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் தனித்துவிடுவார்.

படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையிலான சில அடிகளில்தான் நோயாளிகள் பலர் தடுமாறி விழுகிறார்கள். ஆகவே தலைமாட்டுப் பக்கச் சுவரிலேயே கழிவறைக் கதவும், அதுவரை கைப்பிடியும் இருக்கட்டும். கை கழுவும் தொட்டி அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட வேண்டும்.

ஜன்னலை அலங்காரம் என்று வெட்டிவிட வேண்டாம். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் மரங்கள் தெரியும் ஜன்னலோரம் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடக் குறைந்த நாள் தங்கினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 46 பேர் கொண்ட சிறிய ஆய்வுதான், ஆனாலும் பட்ஜெட் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம்.

வரைபடத்தில் சரியாகத் தெரியும் அறை நேரில் தவறாக இருக்கும். முதலில் தரையில் டேப் ஒட்டிப் பாருங்கள். பிறகு அட்டையிலோ பிளைவுட்டிலோ ஒரு அறையை முழு அளவில் செய்து, உண்மையான படுக்கையையும் அவசர மருந்து வண்டியையும் உள்ளே தள்ளி, எட்டுப் பேர் சேர்ந்து இதயத் துடிப்பை மீட்கும் பயிற்சியைச் செய்யுங்கள். தலைமாட்டில் ஒருவர் நிற்க முடிகிறதா, ஆக்சிஜன் குழாய் எட்டுகிறதா என்று அப்போது தெரியும். ஒரே அறை நூற்றுக்கணக்கில் திரும்பப் போகிறது, ஒரு பிழையும் அத்தனை முறை திரும்பும். குழாய், மின்கம்பி வரைபடங்கள் முடிவாகும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

## 7. மின்சாரம், ஆக்சிஜன், காற்று, தண்ணீர்

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பதன் ஆபத்து இதுதான்: ஓரிடம் நின்றால் எல்லாம் நிற்கும். முன்பு ஒரு மருத்துவமனையில் மின்சாரம் போனால் அடுத்ததற்கு அனுப்பலாம். இனி அது முடியாது. ஆகவே உயிர் காக்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூலம், இரண்டு பாதை.

2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருளை மேலே அனுப்பும் பம்புகள் அடித்தளத்தில் இருந்ததால் வெள்ளத்தில் மூழ்கின. ஊழியர்கள் படிக்கட்டில் எரிபொருளைக் கைமாற்றிச் சுமந்தும், கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் வெள்ள மட்டத்துக்கு மேலே வையுங்கள்: ஜெனரேட்டர், பம்ப், சுவிட்ச் பலகை, ஆக்சிஜன், சர்வர்.

ஜெனரேட்டர் 10 வினாடிக்குள் பொறுப்பேற்றாலும் அந்த 10 வினாடிக்குத் தியேட்டருக்கும் ஐ.சி.யூ.வுக்கும் யு.பி.எஸ். வேண்டும்.

ஆக்சிஜனை வளையக் குழாயாக ஓட்டுங்கள். ஒரு இடத்தில் உடைந்தாலும் மறுபக்கத்திலிருந்து வரும். மூக்கு வழியாக அதிக அளவில் ஆக்சிஜன் செலுத்தும் கருவி ஒரு நோயாளிக்கே நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை எடுக்கும். ஒரு வார்டு முழுவதும் அப்படித் தேவைப்பட்டால் குழாய் விட்டம் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். திரவ ஆக்சிஜன் லாரி எந்த நேரமும் வந்து திரும்ப வழி இருக்க வேண்டும்.

தியேட்டரில் காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதல், மணிக்கு 20 முறை காற்று மாற்றம். காற்றில் பரவும் தொற்றுக்கான அறையில் அழுத்தம் குறைவு, 12 முறை. இரண்டையும் குழப்பினால் கிருமி வெளியே வரும். காற்று உள்ளே இழுக்கும் வாயை ஜெனரேட்டர் புகைக்கும் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கும் எதிர்ப்பக்கம் வையுங்கள்.

வெந்நீரைத் தொட்டியில் 60 டிகிரியில் வையுங்கள். 25 முதல் 45 டிகிரிக்குள் தேங்கினால் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். கட்டி முடித்து, திறக்கும்வரை மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் கட்டடத்திலும் இதே ஆபத்து உண்டு. குழாய்களை முறை வைத்துத் திறந்துவிட ஆள் போடுங்கள்.

தீ விபத்தில் படுக்கையில் இருக்கும் நோயாளிகளை மாடிப்படியில் வேகமாக இறக்க முடியாது. ஒவ்வொரு தளத்தையும் தீத்தடுப்புச் சுவரால் பிரித்து, பக்கத்துப் பகுதிக்குப் படுக்கையோடு தள்ளிப்போக இடம் விடுங்கள்.

## 8. வழிகாட்டிப் பலகைகள்

பலகை வைத்துத் தீர்க்க வேண்டிய நிலை வந்தால் பெரும்பாலும் தவறு கட்டடத்தில்தான். இருந்தாலும் சில வார்த்தைகள். துறைப் பெயர்களை மக்கள் சொல்லும் சொல்லில் எழுதுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஆண்களில் பலருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. கதவு எண்களைக் கட்டுமானத்தின்போதே முடிவு செய்யுங்கள், ஒப்பந்ததாரரின் எண் ஒன்றும் மருத்துவமனையின் எண் வேறொன்றும் ஆகிவிட்டால் ஆண்டுக்கணக்கில் குழப்பம் தொடரும்.

## 9. இடம் மாறும் முன் வேலைமுறையை ஒன்றாக்குங்கள்

கட்டடம் தயாராகக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். இரண்டு மருத்துவமனைகளிலும் அவசர அழைப்பு எண் வேறாக இருக்கும். அவசர மருந்து வண்டியில் அட்ரினலின் இருக்கும் இழுப்பறை வேறாக இருக்கும். நரம்பில் ஏற்றும் மருந்தின் செறிவும் மருந்து செலுத்தும் பம்பின் வகையும்கூட மாறும். புதிய இடத்தில், புதிய ஆட்களோடு, பாதி இரவில் இதையெல்லாம் கற்றுக்கொள்வது ஆபத்து. பழைய இடத்திலேயே இருபக்கமும் ஒரே முறைக்கு மாறிக்கொள்ளட்டும்.

நோயாளிப் பதிவுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருக்கும், சில சமயம் இரண்டு ரத்த வகைகள்கூட எழுதியிருக்கும். இணைக்கும்போது கணினி பொருத்திக் காட்டியதை மனிதக் கண் சரிபார்க்க வேண்டும். தவறாக இணைந்த பதிவைப் பிரிப்பது இணைப்பதைவிடப் பல மடங்கு வேலை.

## 10. இடமாற்ற நாள்

திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளை ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் குறைந்தால் மாற்ற வேண்டியவர்களும் குறைவு. புதிய வளாகத்தில் ஆய்வகம், மருந்தகம், ரத்த வங்கி, ஸ்கேன் ஆகியவை முதலில் இயங்க வேண்டும். அப்புறம் ஐ.சி.யூ.வும் தியேட்டரும். பிறகு வார்டுகள் ஒவ்வொன்றாக. முதல் நோயாளி வருவதற்கு முன்பே அவரைக் காப்பாற்ற வேண்டியவை எல்லாம் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம்.

அவசர சிகிச்சைக்கு ஒரு மணி குறியுங்கள். அந்த நொடியிலிருந்து புதிய வாசல் திறப்பு, பழைய வாசலுக்கு ஆம்புலன்ஸ் வராது. ஆனால் மக்கள் பழக்கத்தில் வருவார்கள். பழைய வாசலில் சில வாரங்களுக்கு ஒரு ஆம்புலன்ஸும் மருத்துவரும் நர்ஸும் நிற்கட்டும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள்: எந்தப் படுக்கையிலிருந்து எந்தப் படுக்கைக்கு, ஓடும் மருந்துகள், உடன் வருபவர் யார், ஆக்சிஜன் எவ்வளவு. 10 லிட்டர் சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம். பயண நேரத்தைப் போல் இரு மடங்குக்காவது இருக்க வேண்டும். லிஃப்ட் நின்றால், வண்டி நெரிசலில் சிக்கினால் அது போதும்.

முந்தைய வாரம் வெறும் படுக்கையோடு முழு ஒத்திகை ஒன்று நடத்துங்கள். லிஃப்டில் படுக்கையும் வென்டிலேட்டரும் இரண்டு ஆட்களும் சேர்ந்து அடங்கவில்லை என்பது போன்ற விஷயங்கள் அன்றுதான் தெரியவரும்.

மூன்று மாதம் கழித்து, நான்காம் படியில் எழுதிய பாதைகளை மறுபடி எடுத்து, அதே இடங்களில் கைக்கடிகாரத்தோடு நடந்து பாருங்கள். நிமிடங்கள் எங்கே கூடியிருக்கின்றனவோ அங்கே பெரும்பாலும் ஒரு பூட்டிய கதவோ, தவறான பக்கம் வைத்த அலமாரியோ, யாரோ ஒரு வார்டுக்கென்று பிடித்து வைத்த லிஃப்டோ இருக்கும். அவற்றைச் சரிசெய்யக் கட்டுமானப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.